பொட்டு வைக்காத ஸ்பேனர்

அத்தியாயம் 3

“‘பெயர் நிஜாமுதீன். வயசு இருபத்திரண்டு. சொந்த ஊர் தொண்டி. இப்ப இருக்கிறது ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோடு, சின்னையன் ஒர்க்‌ஷாப் வாசல். இருக்கேன்னா நிக்கிறேன். உள்ளயும் விடல, வெளியயும் விடல. வஹீதா, அதெல்லாம் எழுதாதே. துப்பறியும் ஐயா அவர்களுக்கு சலாம். நான் கியர்பாக்ஸைத் திருடல...’”

செல்லக்கண்ணு கடிதத்தைத் தாழ்த்தினான்.

“சார், எழுதாதேன்னு சொன்னதையும் சேத்து எழுதியிருக்கு.”

“உன்னை விமர்சனம் கேட்டனா? படி” என்றார் அற்புதசாமி.

“‘வெள்ளைச்சாமி ஐயாவோட செவப்புக் காருக்கு சீமையிலேர்ந்து வந்த புது கியர்பாக்ஸை என் கையாலதான் மாட்டினேன். கல்லணை வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். ஒவ்வொரு கியரும் வெண்ணெய்ல விரல் விட்ட மாதிரி எறங்குச்சு. வியாழக்கிழமை ஆயுத பூஜை, ஷாப் லீவு. விஜயதசமி நல்ல நாளுன்னு ஐயா வெள்ளிக்கிழமை காலையில வண்டிய எடுத்தாரு. காவேரி பாலத்துல மூணாம் கியர் நிக்காம வெளிய குதிச்சிருச்சு. தொறந்து பாத்தா உள்ள கெடக்கிறது பழைய தேஞ்ச கியர்பாக்ஸ். ஷாப்புக்கு சாவி ரெண்டு. ஒண்ணு முதலாளிகிட்ட, ஒண்ணு எங்கிட்ட. அதனால நான்தான் மாத்தித் திருடினேனாம். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, திருடினது நான்தான்னு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுக்கணுமாம். இல்லேன்னா போலீஸாம். திங்கக்கிழமை திருவெறும்பூர் ஃபேக்டரில சேரச் சொல்லி எனக்கு ஆர்டர் வந்திருக்கு. போலீஸ்னாலும் அந்த வேலை போச்சு, கடுதாசின்னாலும் போச்சு. கொஞ்சம் தண்ணி குடும்மா...’ சார், தண்ணியையும் எழுதியிருக்கு.”

அற்புதசாமி கண்ணைத் திறந்தார். ரயில்வேயில் இருபது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மேலப்புதூரில் சைக்கிள் கடைக்கு மேலே இந்த மாடி அறையைப் பிடித்துத் துப்பறிய ஆரம்பித்து மூன்று வருஷம். உலகத்தில் பிறந்த அத்தனை பேரும் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள்தான், சிலர் இன்னும் அகப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்பது அவர் சித்தாந்தம். சம்பளம் வாங்கும் உதவியாளன் என்பதற்காகச் செல்லக்கண்ணுவுக்கு அதிலிருந்து விலக்கு எதுவும் கிடையாது.

“எழுதினது யாரு?”

“நான்தான் சார்” என்றாள் கதவோரம் நின்றிருந்த வஹீதா. நிஜாமுதீனின் தங்கை. பத்தொன்பது வயது, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். ஸ்ரீரங்கத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்ததில் இன்னும் மூச்சு வாங்கியது. “அண்ணனுக்கு எழுத வராது. படபடன்னு சொன்னாங்க. நடுவுல நிறுத்தினா அழுதுருவாங்கன்னு, வாயில வந்ததை எல்லாம் அப்படியே எழுதிட்டேன்.”

“நல்ல காரியம் பண்ணின. பொய்க் கடுதாசி இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்பு கலையாம இருக்கும். இதுல வேர்வை தெரியுது.” அற்புதசாமி சட்டையை மாட்டிக்கொண்டார். “செல்லக்கண்ணு, நோட்டை எடு. கெளம்பலாம்.”

செல்லக்கண்ணு தலையைச் சொறிந்தான்.

“நோட்டு பூஜையில இருக்கு சார்.”

“பூஜை வியாழக்கிழமை. இன்னிக்கு சனிக்கிழமை.”

“எடுக்கிறதுக்கு ஒரு நல்ல நேரம் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“அப்ப மூணு நாளா நீ ஒரு எழுத்துகூடப் படிக்கல? அவ்வளவு பக்தி?”

“பக்கத்துல சினிமாப் பத்திரிகை சுருட்டி வெச்சிருக்காரே” என்றாள் வஹீதா.

செல்லக்கண்ணு அவளை ஒரு பார்வை பார்த்தான். எதிரியை வீட்டுக்குள் விட்டாயிற்று.

“அது வேற சார். அதை நான் பூஜையில வைக்கவே இல்லியே. வெச்சாத்தானே தொடக்கூடாது? பள்ளிக்கூடத்துலேர்ந்தே எனக்கு இதான் பழக்கம். கணக்குப் புத்தகம், பூகோளப் புத்தகம் எல்லாம் சாமிகிட்ட. கதைப் புத்தகம் மட்டும் தலகாணிக்கு அடியில. சாமிக்கும் கோவம் வராது, நமக்கும் பொழுது போகும்.”

“சரஸ்வதிக்கே அல்வா குடுத்த பய. உன்னைக் கூட வெச்சுக்கிட்டு நான் ஊரான் வீட்டுத் திருடனைத் தேடுறேன்” என்று சொல்லிக்கொண்டே அற்புதசாமி படியிறங்கினார். வஹீதாவும் கூடவே இறங்கினாள்.

காந்தி மார்க்கெட்டில் வெள்ளைச்சாமியின் வாழைக்காய் மண்டியைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அது. லாரியிலிருந்து இறங்கிய பூவன் தார்கள் சுவர்போல அடுக்கியிருக்க, அந்தச் சுவருக்கு முட்டுக் கொடுத்தவர் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தார் வெள்ளைச்சாமி. லால்குடிப் பக்கத்து மிராசு. ஒரு நாற்காலி போதாமல் பெஞ்சு போட்டிருந்தார்கள்.

இந்த உடம்பு எப்படி அந்தக் காருக்குள் போகும் என்று செல்லக்கண்ணு மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஊரே அறிந்த கார் அது. மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். நீள மூக்கு, மடக்கும் கூரை, தரையைத் தடவிக்கொண்டு போகும் உயரம். அதில் ஒரு வாழைத்தார்கூட ஏற்ற முடியாது. வெள்ளைச்சாமி ஏறினால் கதவைச் சாத்த இரண்டு கூலியாள் வேண்டும். ஏறிய பிறகு அது ஒரு சீட்டு கார்.

“துப்பறியறவரா? எதைத் துப்பறியப் போறீங்க? திருடன் வாசல்ல நிக்கிறான். பொருளைக் கண்டுபிடிங்க, போதும்” என்றார் வெள்ளைச்சாமி. “எட்டு மாசம் பர்மிட்டுக்கு அலைஞ்சு சீமையிலேர்ந்து வரவழைச்ச கியர்பாக்ஸுங்க. இன்னொண்ணு கேட்டா சர்க்கார்ல சிரிப்பாங்க.”

“பழைய கியர்பாக்ஸ் ஏன் கெட்டுது?”

“பல்லு தேஞ்சு போச்சாம். அந்தப் பய சொன்னான்.”

“நீங்க கியர் போடுற மாதிரி கொஞ்சம் போட்டுக் காட்டுங்க.”

வெள்ளைச்சாமி தயங்காமல் பக்கத்திலிருந்த வாழைத்தாரின் காம்பைப் பிடித்து ஒரு திருகு திருகி, இழுத்து, குத்தினார். நாலு காய் உதிர்ந்தது.

“புரிஞ்சுது. பல்லு தேயல, பயந்து உதிர்ந்திருக்கு” என்றான் செல்லக்கண்ணு.

“யாருங்க இவன்?”

“நான் செஞ்ச பாவம். அவனை விடுங்க” என்றார் அற்புதசாமி. “நிஜாமுதீன்தான் திருடன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க? சாவி சின்னையன்கிட்டயும் இருக்கே.”

வெள்ளைச்சாமி குனிந்து குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் மூன்றாவது கடை வரைக்கும் கேட்டது.

“புதன்கிழமை சாயங்காலம் நான் ஓட்டிப் பாத்தேன், நல்லா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலையில பழசு. அப்ப மாத்தினது என்னிக்கு? வியாழக்கிழமை. அன்னிக்கு ஆயுத பூஜை. பூஜையில வெச்ச ஆயுதத்தை மறுநாள் எடுக்கிற வரைக்கும் நம்ம ஆளு எவனாவது தொடுவானா? கை விளங்குமா? சின்னையன் ஒரே போடா போட்டாரு, ‘சாமி பயம் இல்லாதவன்தாங்க செஞ்சிருக்கணும்’னு. ஷாப்புல அப்படி இருக்கிறது யாரு? அந்தப் பாய் பையன் ஒருத்தன்தானே?”

வஹீதாவின் முகம் கறுத்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அற்புதசாமி முந்திக்கொண்டார்.

“அருமையான மூளைங்க. அந்த மன்னிப்புக் கடுதாசி யோசனையும் உங்க மூளையிலதான் வெளைஞ்சுதா?”

“இல்லீங்க, அது சின்னையன். தங்கமான மனுஷன். நான் நேத்தே போலீஸுக்குப் போறேன்னு குதிச்சேன். ‘வேணாங்க, சின்னப் பய. ஒரு கடுதாசி வாங்கி என் பெட்டியில வெச்சுக்கிறேன். எங்கிட்டயே கெடந்து வேலை செய்யட்டும்’னு காலைப் புடிக்காத குறையா கெஞ்சினாரு.”

“பொருளைத் திருப்பிக் குடுடான்னு அந்தப் பையன்கிட்ட அவர் கெஞ்சலியா?”

“அவர் பொருளா? என் பொருள்.”

அற்புதசாமியின் உதட்டில் ஒரு ஓரம் மட்டும் இறங்கியது. டிக்கெட்டைத் தேடுவதுபோல் பாவனை செய்து பையைக் குடைகிற பயணியைப் பார்த்தால் அவருக்கு அப்படி இறங்கும்.

“ஷாப் இப்ப யார் பொறுப்புல?”

“எம் பொறுப்புலதான். நேத்து பாலத்துலேர்ந்து வண்டியத் தள்ளிக்கிட்டு வந்து, ஒரே ஒரு சின்ன ஸ்பேனரால மேல்மூடியத் தொறந்து பாத்தோம். பழசுன்னு தெரிஞ்சதும் ரெண்டு சாவியையும் புடுங்கிக்கிட்டு என் பூட்டைப் போட்டுட்டேன். அப்புறம் ஒரு ஈ உள்ள போகல.”

“உங்க வாழ்நாள்ல செஞ்ச ஒரே புத்திசாலித்தனம்” என்றார் அற்புதசாமி. “வாங்க, போகலாம்.”

வெள்ளைச்சாமிக்கு அது பாராட்டா என்று யோசிக்கவே குதிரை வண்டி காவேரிப் பாலம் தாண்டும்வரை ஆயிற்று. வண்டியில் அவர் ஏறியதும் குதிரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. செல்லக்கண்ணுவும் அற்புதசாமியும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். வஹீதா பஸ்ஸில் வந்து அவர்களுக்கு முன்னால் இறங்கி நின்றாள்.

ஒர்க்‌ஷாப் வாசலில், நசுங்கிக் காய்ந்துபோன நாலு எலுமிச்சம்பழங்களுக்குப் பக்கத்தில் நிஜாமுதீன் நின்றிருந்தான். ஒல்லியான உடம்பு, கிரீஸ் ஏறிய நகம், ராத்திரி முழுக்கத் தூங்காத கண். சட்டைப் பையில் ஃபேக்டரி ஆர்டர் நாலாக மடித்து இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் பையே கறுத்துவிட்டது. எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார் சின்னையன். நெற்றி நிறைய விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். முகத்தில் மீதமிருந்த இடத்தில் துக்கம்.

“வாங்க, வாங்க. பாவம், சின்னப் பயங்க. எப்படியாவது அவனை மன்னிச்சு...”

“மன்னிக்கிறது அப்புறம். ஷாப்பைக் காட்டுங்க” என்றார் அற்புதசாமி.

பூட்டுத் திறந்தது. ஊதுபத்தியும் பெட்ரோலும் கலந்த வாசனை. நடுவில் சிவப்புக் கார், சீட்டுகள் இல்லாமல், பல் பிடுங்கின வாய் மாதிரி நின்றது. பின் சுவரை ஒட்டி ஒரு மரப்பெட்டி. அதன்மேல் சிவப்புப் பட்டு விரித்து, சரஸ்வதி படம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை பரப்பியிருந்தது. பக்கச் சுவர் முழுக்கப் பலகை அடித்து ஆணியில் கருவிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

செல்லக்கண்ணு பொரியை ஒரு கை அள்ளிக்கொண்டு சுவரோரமாக நடந்தான். சுத்தியலுக்குப் பொட்டு. அரத்துக்குப் பொட்டு. பஞ்சர் ஒட்டுகிற கத்தரிக்குப் பொட்டு. மேல் உத்தரத்துக்குப் பொட்டு. மூலையில் இருந்த துடைப்பத்துக்கும் யாரோ மறக்காமல் வைத்திருந்தார்கள்.

“ரொம்ப சுத்தமா பண்ணியிருக்கீங்க” என்றார் அற்புதசாமி.

சின்னையன் நிமிர்ந்தார். மூன்று நாளில் அவரை ஒருவர் பாராட்டுவது இதுதான் முதல் தடவை போலிருந்தது.

“நம்மகிட்ட அதுல குறை வராதுங்க. புதன்கிழமை சாயங்காலம் ஐயா வண்டிய ஓட்டிப் பாத்ததுமே இவனை வீட்டுக்கு அனுப்பிட்டேன். பூஜைச் சாமானை நான் யாரையும் தொட விடுறதில்லே. ஒவ்வொண்ணையும் எடுத்து, மண்ணெண்ணெய்ல கழுவி, தொடைச்சு, நானே எங் கையால சந்தனம் குங்குமம் வெச்சேன்.”

“ஒண்ணு விடாம?”

“ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூட விடலீங்க. அம்மா மேல சத்தியம்.”

“வேற யாரும் கை வைக்கல?”

“எங் கை ஒண்ணுதான்.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்று வெள்ளைச்சாமியைக் கேட்டார் அற்புதசாமி. வெள்ளைச்சாமி எதற்கென்று தெரியாமல் தலையாட்டினார்.

செல்லக்கண்ணு வாயில் பொரியோடு கூப்பிட்டான். “சார், துடைப்பத்துக்குப் பொட்டு இருக்கு. இந்தப் பெரிய ஸ்பேனர் என்ன பாவம் பண்ணுச்சு? இதுக்கு மட்டும் இல்லே.”

“வாயை மூடிக்கிட்டு அங்கயே நில்லு” என்றார் அற்புதசாமி. ஆனால் அந்தக் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. ரயிலில் கழிவறைக் கதவு உள்ளே தாழிட்டிருப்பதைப் பார்த்த குரல். “நிஜாமுதீன், இங்க வா. சுவருக்கு முதுகைக் காட்டி நில்லு. திரும்பிப் பாக்கக்கூடாது. இந்தக் கார்லேர்ந்து கியர்பாக்ஸை நீ தனியாளா எறக்கணும்னா என்னென்ன எடுப்பே? வரிசையா சொல்லு.”

நிஜாமுதீன் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தான்.

“சீட்டையும் அடிப்பலகையையும் கையாலயே கழட்டிரலாம் சார். அப்புறம்... பெரிய ரிங் ஸ்பேனர்.”

செல்லக்கண்ணு கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினான். “இதான் சார். பொட்டு இல்லே.”

“இஞ்சினோட சேத்திருக்கிற போல்ட்டுக்கு நீளப் பிடி வெச்ச பாக்ஸ் ஸ்பேனர்.”

செல்லக்கண்ணு தேடி எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

“இதுலயும் இல்லே சார்.”

“ஆயில் வடிக்க ஒரு தட்டு.”

“இல்லே.”

“இஞ்சினுக்கு அடியில முட்டுக் குடுக்க ஜாக்கி.”

“இல்லே.”

“தூக்கி எறக்க செயின் பிளாக்.”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். உத்தரத்தில் பெரிய பொட்டு. அதில் தொங்கிய செயின் பிளாக் வெறும் நெற்றியோடு இருந்தது.

“வேற?”

“அவ்வளவுதான் சார். அஞ்சு சாமான் போதும்.”

ஒர்க்‌ஷாப்பில் சின்னையன்தான் முதலில் கத்தினார்.

“பாத்தீங்களா! இதைத்தான் நான் சொன்னேன்! அந்த அஞ்சையும் எடுத்து வேலை செஞ்சிருக்கான். கை பட்டு பொட்டு அழிஞ்சிருக்கு!”

“ஐயோ பாவம்” என்றார் அற்புதசாமி. “மத்த சாமானை மோந்து பாருங்க. மண்ணெண்ணெய் வாசனை, பளபளப்பு. நீங்க கழுவின அழகு. இந்த அஞ்சுலயும் போன மாசத்துக் கிரீஸ் அப்பிக் கெடக்கு. அழிச்சவன் பொட்டைத்தானே அழிப்பான்? பழைய அழுக்கைத் திரும்ப எடுத்து அப்பிட்டா போவான்? இந்த அஞ்சுக்கும் பொட்டு அழியல சின்னையன், வைக்கவே இல்லே. கழுவக்கூட இல்லே. இது பூஜைக்கே வரல.”

“ம... மறந்திருப்பேன்.”

“துடைப்பம் ஞாபகம் இருந்துது. செயின் பிளாக் மறந்துருச்சு. அஞ்சும் மறந்துது, ஆனா கணக்கா கியர்பாக்ஸை எறக்குற அஞ்சு.” அற்புதசாமி வெள்ளைச்சாமியிடம் திரும்பினார். “ஐயா, உங்க பெரிய மூளையால கொஞ்சம் யோசிங்க. நிஜாமுதீன் திருடன்னே வெச்சுக்குவோம். வியாழக்கிழமை வரான். சுவர் பூரா ஸ்பேனர் தொங்குது. அவனுக்கு எந்த ஸ்பேனர்னா என்ன? பொட்டு வெச்சதை எடுத்துத் திருகிட்டுப் போவான். பூஜைக்கு வராம அஞ்சை மட்டும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கணும்னு எவனுக்குத் தோணும்? பூஜையில வெச்சதைத் தொட்டா கை விளங்காதுன்னு நெசமாவே நடுங்குறவனுக்குத்தான் தோணும். சாமி பயம் இல்லாதவன் திருடல ஐயா. சாமி பயம் ரொம்ப இருக்கிறவன் திருடியிருக்கான்.”

“தலகாணிக்கு அடியில கதைப் புத்தகம்!” என்றான் செல்லக்கண்ணு.

“ஆமா. உன் அயோக்கியத்தனத்தால உலகத்துக்கு ஒரு உபயோகம். பூஜையில வைக்காத ஸ்பேனர் வெறும் இரும்பு. அதைத் தொட்டா தோஷமில்லே. அடுத்தவன் பொழப்பைத் தொட்டாலும் தோஷமில்லே. இவர் சாமிகிட்ட அவ்வளவு சுத்தம்.”

வெள்ளைச்சாமியின் வாய் பெட்டிக்கடைக் கதவு மாதிரி திறந்தபடி நின்றது. “அப்ப என் கியர்பாக்ஸ்?”

“எங்கயும் போகல. ஒரு ஆள் எடை இருக்கும். ஒத்தையாளு தோள்ல தூக்க முடியாது. ஆயுத பூஜை அன்னிக்கு ஸ்ரீரங்கத்துல எந்தக் கைவண்டி வாடகைக்கு வரும்? எல்லா வண்டியும் மாலை போட்டுக்கிட்டு நிக்குது. அதனால இங்கதான் இருக்கு. அது வந்த மரப்பெட்டி எங்க நிஜாமுதீன்?”

நிஜாமுதீன் கையை நீட்டினான். பட்டுக்கு அடியில், சரஸ்வதிக்கு அடியில்.

“அம்மனை அசைக்காதீங்க!” சின்னையன் குறுக்கே பாய்ந்தார். “பாவம்! மகா பாவம்!”

“அம்மனை எதுக்கு அசைக்கணும்? நீங்க மட்டும் அசைச்சா வெச்சீங்க? செல்லக்கண்ணு, பெட்டியோட பக்கவாட்டுப் பலகையை இழு.”

செல்லக்கண்ணு குனிந்து, பெட்டியின் பக்கப் பலகையை இழுத்தான். ஆணி ஒப்புக்குத்தான் இருந்தது. உள்ளே, வைக்கோலுக்கு நடுவில், பளபளவென்று புத்தம் புதிய கியர்பாக்ஸ். அதன் நெற்றியில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக, வட்டமாக, சந்தனமும் குங்குமமும்.

“சார், இதுக்கு மட்டும் மறக்காம வெச்சிருக்காரு. காவலுக்கு வீணை வாசிக்கிறவங்களையே உக்கார வெச்சிருக்காரு” என்றான் செல்லக்கண்ணு.

வெள்ளைச்சாமி சின்னையனின் சட்டையைப் பிடித்தார். “யாருக்குய்யா விக்க வெச்சிருந்தே?”

“விக்கிறதுக்கு இல்லே” என்றார் அற்புதசாமி. “அதுதான் இதுல கேவலம். விக்கிறவன் மன்னிப்புக் கடுதாசி கேக்க மாட்டான். இவருக்கு வேண்டியது கடுதாசி. திருடினேன்னு கையெழுத்துப் போட்ட காகிதம் பெட்டியில இருந்தா, நிஜாமுதீன் எந்த ஃபேக்டரிக்குப் போவான்? ஆயுசுக்கும் இந்த ஷாப்தான். கொஞ்ச நாள் கழிச்சு இவரே கியர்பாக்ஸைக் கண்டுபிடிச்சு நல்ல பேரும் வாங்கியிருப்பாரு.”

சின்னையன் மரப்பெட்டியின் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை வழிந்து குங்குமத்தைக் கரைத்தது.

“அவன் போயிட்டா இங்க என்ன இருக்கு?” என்றார், யாரையும் பார்க்காமல். “நான் கழட்டுவேன், மாட்டுவேன். அவ்வளவுதான் தெரியும். சத்தத்தைக் கேட்டு எந்தப் பல்லு தேஞ்சிருக்குன்னு சொல்றது அவன் காது. ஊர்ல எல்லாரும் சின்னையன் ஒர்க்‌ஷாப்னு சொல்றது அவன் காதைத்தான்.”

“ஒரு தடவை இருடான்னு கேட்டிருக்கலாமே முதலாளி” என்றான் நிஜாமுதீன். “ஒரு ஆளைப் பழக்கி விட்டுட்டுப் போயிருப்பேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துகூடப் பாத்திருப்பேன்.”

அப்படிக் கேட்கலாம் என்று சின்னையனுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு” என்றார் அற்புதசாமி. “மன்னிப்புக் கடுதாசி வேணும்னு ஆசைப்பட்டாரே, அவரே ஒண்ணு எழுதி நிஜாமுதீன்கிட்ட குடுக்கட்டும். போலீஸா, மன்னிப்பான்னு அவன் சொல்லட்டும். அப்ப வரட்டுமா?”

யாரும் நகரவில்லை. வெள்ளைச்சாமி மட்டும் தொண்டையைக் கனைத்தார். அந்தப் பெரிய உடம்பு திடீரென்று சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

“ஒரு சின்ன விஷயங்க” என்றார். “இன்னிக்குக் காலையில கோவத்துல... திருவெறும்பூர் ஃபேக்டரிக்கு ஒரு கார்டு போட்டுட்டேன். ‘நிஜாமுதீன்ங்கிறவன் திருடன், சேக்காதீங்க’ன்னு. விலாசம் சின்னையன்தான் குடுத்தாரு.”

நிஜாமுதீனின் கை சட்டைப் பைக்குப் போய் அப்படியே நின்றது. வஹீதா கண்ணை மூடிக்கொண்டாள். செல்லக்கண்ணு கையில் மீதியிருந்த பொரியைத் திரும்பப் பட்டின்மேலேயே போட்டான்.

“கார்டு எப்பப் போகும்?” என்றார் அற்புதசாமி.

“திங்கக்கிழமை காலைத் தபால்ல.”

“சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுத்துட்டு, காலையிலேயே தண்டனை. இந்த மனுஷரைத் தாங்கிக்கிட்டு ஓடுனதுக்கே பழைய கியர்பாக்ஸுக்கு ஒரு மெடல் குடுக்கணும்.” அவர் வெள்ளைச்சாமியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். “கார்டுக்கு முன்னாடி நீங்க போறீங்க. ஃபேக்டரி ஆபீசரோட வீடு எங்கன்னு விசாரிச்சு, இன்னிக்கே, நேர்ல.”

“கார் இல்லியே. நிஜாமுதீன், தம்பி, இதை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?”

“பஸ்ல போங்க” என்றார் அற்புதசாமி. “தஞ்சாவூர் பஸ். நின்னுக்கிட்டே போங்க. டிக்கெட் வாங்க மறக்காதீங்க.”

நிஜாமுதீன் அதற்குள் சட்டையைக் கழற்றி, ஆர்டர் இருந்த பை மேலே தெரியும்படி மடித்து, தங்கையிடம் கொடுத்தான்.

“வேலை முடியாம போகக்கூடாது சார்” என்றான். “மாட்டினது நானுன்னு சொல்லியாச்சு. நான் மாட்டினதாவே இருக்கட்டும்.” பொட்டு வைக்காத ஸ்பேனரைச் செல்லக்கண்ணுவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தான்.

மண்டியின் பெயர் அச்சடித்த காகிதத்தை வெள்ளைச்சாமி பையிலிருந்து எடுத்தார். அற்புதசாமி அதைப் பிடுங்கி வஹீதாவிடம் நீட்டினார்.

“நான் சொல்லச் சொல்ல எழுதும்மா. நடுவுல நிறுத்தாதே. அவர் கையெழுத்துப் போடுவாரு.”

அவள் எழுதி முடித்ததும் செல்லக்கண்ணு எட்டிப் பார்த்துப் படித்தான். அவள் வழக்கம்போல ஒன்றையும் விடவில்லை.

‘பெயர் நிஜாமுதீன். வயசு இருபத்திரண்டு. சொந்த ஊர் தொண்டி. இப்ப இருக்கிறது ஸ்ரீரங்கத்துல ஒரு செவப்புக் காருக்கு அடியில. இவன் திருடன்னு நான் போட்ட கார்டு பொய். பொருள் கெடச்சுருச்சு, திருடினது வேற ஆளு. விசாரிக்காம எழுதினது என் புத்தி கெட்டதனம். ஐயா, புத்தி கெட்டதனத்தை விட்டுருங்களேன். விடாதே, எழுதும்மா. வேலையில இவனுக்கு ஈடு இந்தப் பக்கத்துல இல்லே. இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, திங்கக்கிழமை காலையில இந்தப் பையன் உங்க கேட்டுக்கு வருவான். நிக்க வைக்காம உள்ள விடுங்க.’